இருபத்தோராவது பாட்டு

1

இந்தியாவுக்கென்று ஒரு தேசியப் பாடல் தரவரிசை இருக்க வேண்டுமா, இருந்தால் அதில் எத்தனை பாட்டு இடம்பெற வேண்டும் என்பதெல்லாம் சிறுபத்திரிகை வாசகர்கள் கவலைப்பட வேண்டிய விஷயமா என்று கேட்கலாம். கேட்டும் விட்டார்கள். ‘காப்பி விலை, வன உரிமை, பஸ் வசதின்னு ஆடலூர்ல இருந்துக்கிட்டு எழுத எவ்வளவோ இருக்கு. நீங்க டாப் ட்வென்ட்டி பத்தி எழுதப் போறீங்களா?’ என்றார் ஒரு தோழர். அவருக்குச் சொல்கிற பதிலாகவும் இதை வைத்துக்கொள்ளலாம்.

பட்டியல் போடுவது என்பது அதிகாரம் நம்மிடையே சத்தமில்லாமல் வேலை செய்கிற வழிகளில் ஒன்று. வாக்காளர் பட்டியல், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் பட்டியல், பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி என்று நம் அரசியல் முழுக்கப் பட்டியல்களாலேயே கட்டமைக்கப்பட்டிருக்கிறது. யார் பெயர் இருக்கிறது என்பதைப் பற்றித்தான் எப்போதும் சண்டை. எந்த இடத்தில் கோடு கிழித்து நிறுத்தினார்கள், ஏன் அந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று கேட்பது குறைவு. பாட்டுப் பட்டியலை முன்வைத்து இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் விவரம். இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கமாக 1936இல் கல்கத்தாவில் தொடங்கி, 1994இல் இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பு, 2021 ஜூனில் ஒரு வாராந்திரத் தரவரிசையைத் தொடங்கியது. அதன் பெயர் ‘இன்டர்நேஷனல் டாப் 20 சிங்கிள்ஸ்’. இணையவழி ஒலிபரப்புச் சேவைகளில் இந்தியர்கள் கேட்கிற வெளிநாட்டுப் பாட்டுகளில் முதல் இருபது. இந்திய இசைத் தொழிலின் அதிகாரபூர்வப் பட்டியலில் இந்தியப் பாட்டுக்கே இடமில்லை என்பது ஒரு வேடிக்கை. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஒரே அளவுச் சட்டை தைத்தது போல ஆளுக்கு 25 பாட்டு என்று பட்டியல் போட ஆரம்பித்தபோது இந்தியாவுக்கும் ஒரு சட்டை கிடைத்தது.

இருபது, இருபத்தைந்து. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. மொழிக்கு ஒரு பாட்டு என்று வைத்தாலே முதல் பட்டியலில் இடம் போதாது. இரண்டாவது பட்டியலில் மூன்று இடம் மிஞ்சும். அட்டவணைக்கு வெளியே இருக்கும் துளுவும் கோண்டியும் படுகும் இந்தக் கணக்கில் வரவே வராது. ‘தேசிய’ என்ற சொல்லை ஒரு பட்டியலின் தலையில் வைத்துவிட்டு இருபதோடு நிறுத்தினால், அந்த நிறுத்தம் தேசத்தைப் பற்றிய ஒரு வரையறையும் ஆகிவிடுகிறது.

2

இந்தக் குட்டைப் பட்டியல் எப்படி வந்தது? வரலாற்றில் இதற்கு மிக எளிமையான காரணங்கள் உண்டு. 1952 நவம்பர் 14ஆம் தேதி இங்கிலாந்தின் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் இதழ் அந்நாட்டின் முதல் தனிப்பாடல் தரவரிசையை வெளியிட்டது. பெர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு எது நன்றாக விற்கிறது என்று கேட்டுத் தயாரித்தது அது. பன்னிரண்டு இடங்கள். சில இடங்களில் சமநிலை வந்ததால் பதினைந்து பாட்டுகள். அதற்கு மேல் போவதற்கு ஆளும் இல்லை, பக்கமும் இல்லை.

மூன்று வாரம்கூட ஆகவில்லை, 1952 டிசம்பர் 3ஆம் தேதி ரேடியோ சிலோனில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா தொடங்கியது. அன்றைய செய்தி ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை மட்டமான சரக்கு என்று கருதி அகில இந்திய வானொலியில் ஓரங்கட்டிய காலம். துரத்தப்பட்ட பாட்டு கடலைத் தாண்டிக் கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. ஆரம்பத்தில் அரைமணி நேரத்தில் ஏழு பாட்டு ஒலிபரப்பி நேயர்களையே வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. பிறகு நிகழ்ச்சி ஒரு மணி நேரமானது, பாட்டும் பதினாறானது. விற்பனை நிலவரத்தையும் நேயர் மன்றங்களின் வாக்கையும் சேர்த்து வரிசை தீர்மானிக்கப்பட்டது. இங்கே நீளத்தைத் தீர்மானித்தது ஒலிபரப்பு நேரம். அந்த நேரத்துக்குப் பணம் கட்டியது பற்பசைக் கம்பெனி. 1957 அக்டோபரில் இந்திய அரசு விவித் பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டோடு சமரசம் செய்துகொண்டது என்றால், அதில் இந்தப் பட்டியலின் பங்கும் உண்டு.

இங்கிலாந்தின் பட்டியல் அதற்குப் பிறகு நீண்டுகொண்டே போனது. 1954இல் 20, 1956இல் 30, 1960இல் 50, 1978இல் 75, 1983இல் 100. அந்தக் கடைசி 25 இடங்களில் ஒரு விசேஷம் இருந்தது. விற்பனை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும் பாட்டுகளை அங்கே சேர்க்கவில்லை. பட்டியலின் வால் பகுதி ஏறி வருகிறவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் 1958 ஆகஸ்டில் நூறு பாட்டுப் பட்டியலைத் தொடங்கிய பில்போர்டு, அடுத்த வருஷமே அந்த நூறுக்கும் கீழே கொதித்துக்கொண்டிருக்கிற பாட்டுகளுக்கென்று தனியாக இன்னொரு பட்டியல் போட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். பட்டியலின் நீளம் பாட்டுகளின் தரத்திலிருந்து பிறந்ததே கிடையாது. போன் செலவு, பத்திரிகைப் பக்கம், ஒலிபரப்பு நேரம், விளம்பரதாரரின் பொறுமை இவற்றிலிருந்து பிறந்தது. இன்றைக்கு இந்தக் காரணங்கள் எதுவும் மிச்சமில்லை. யாரும் கடைக்குப் போன் போட்டு விசாரிப்பதில்லை. ஒவ்வொரு பாட்டும் எத்தனை முறை, எந்த ஊரில், எந்த நேரத்தில் கேட்கப்பட்டது என்பது சேவை நிறுவனங்களின் கணிப்பொறியில் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. இருபத்தோராவது பாட்டு எது என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டாயிரமாவது பாட்டு எது என்றும் தெரியும். நமக்குச் சொல்லப்படுவது இருபது மட்டும். அந்தக் காலத்துப் பட்டியல் குட்டையாக இருந்தது தெரியாததனால். இந்தக் காலத்துப் பட்டியல் குட்டையாக இருப்பது தெரிந்ததை மறைத்து வைத்திருப்பதனால்.

3

பட்டியலை நீட்டினால் அதற்கு மதிப்பிருக்காது என்று ஒரு வாதம். ‘நூறு பேருக்குப் பரிசு கொடுத்தா அது பரிசா சார்?’ இந்தக் குரலை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். 1990இல் மண்டல் அறிக்கையை அமலாக்குவதாக அறிவிப்பு வந்தபோது தகுதி, திறமை என்று தெருவுக்கு வந்த குரல் இதுதான். இடம் குறைவாக இருந்தால்தான் இருக்கிறவனுக்குப் பெருமை. அந்தப் பெருமைக்குத் தேவையான பற்றாக்குறையை யாரோ உற்பத்தி செய்து தருகிறார்கள் என்பதை மட்டும் பேசக்கூடாது.

இலக்கியவாதிகள் இங்கே க.நா.சு.வை நினைவுபடுத்துவார்கள். தமிழில் பட்டியல் போட்டே சண்டைக்கு ஆள் சேர்த்தவர் அவர். குட்டைப் பட்டியல்தான் போட்டார். ஆனால் அவர் பட்டியலுக்கும் இதற்கும் அடிப்படையான வித்தியாசம் உண்டு. க.நா.சு. பட்டியலின் கீழே க.நா.சு. என்று கையெழுத்து இருந்தது. ‘இது என் ரசனை, பிடிக்கவில்லையென்றால் நீ ஒரு பட்டியல் போடு’ என்கிற அழைப்பு அதில் உண்டு. லட்சக்கணக்கில் விற்ற பத்திரிகைகளின் எண்ணிக்கைக்கு எதிராக ஒரு தனிமனிதன் போட்ட பட்டியல் அது. தரவரிசைப் பட்டியலில் கையெழுத்து கிடையாது. ‘நாங்க ஒண்ணும் சொல்லலீங்க, ஜனங்க கேட்டதைத்தான் எண்ணிச் சொல்றோம்’ என்று ஒதுங்கிக்கொள்ளும். விமர்சகனோடு சண்டை போடலாம். எண்ணிக்கையோடு எப்படிப் போடுவது?

இந்த இடத்தில் பியர் பூர்தியு உதவுவார். பொதுஜன அபிப்பிராயம் என்று ஒன்று கிடையாது என்று 1972இல் அவர் ஆற்றிய உரையில், கருத்துக் கணிப்புகள் மூன்று விஷயங்களைக் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்வதைச் சுட்டிக்காட்டினார். எல்லோராலும் அபிப்பிராயம் சொல்ல முடியும். எல்லா அபிப்பிராயமும் சம எடை கொண்டது. கேட்கத்தக்க கேள்வி இதுதான் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு இருக்கிறது. இம்மூன்றையும் பாட்டுப் பட்டியலுக்குப் பொருத்திப் பாருங்கள். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சம எடை என்பது பொய். இங்கிலாந்தில் 2018இல் வந்த விதிப்படி, சந்தா கட்டிக் கேட்பவர்கள் ஒரு பாட்டை 100 முறை கேட்டால் ஒரு விற்பனைக்குச் சமம். விளம்பரத்தைச் சகித்துக்கொண்டு இலவசமாகக் கேட்பவர்கள் 600 முறை கேட்க வேண்டும். அதாவது காசில்லாதவன் காது, காசுள்ளவன் காதில் ஆறில் ஒரு பங்கு. இதைவிடத் துல்லியமாக வர்க்கத்தை யாராலும் எண்ணாக எழுதிவிட முடியாது.

பட்டியலை நீட்டினால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. 2017 மார்ச்சில் எட் ஷீரன் என்ற பாடகரின் இசைத்தொகுப்பு வெளியானபோது இங்கிலாந்துப் பட்டியலின் முதல் இருபது இடங்களில் பதினாறை அவர் ஒருவரே பிடித்தார். பட்டியல் நூறு இடம் நீளமாகத்தான் இருந்தது. அந்த நீளம் மற்றவர்களைக் காப்பாற்றவில்லை. அந்த ஆண்டு ஜூலையில், முதன்மைக் கலைஞர் ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று பாட்டுகள் என்று விதியை மாற்றினார்கள். எண்ணிக்கை தானாகப் பேசுகிறது என்று அதுவரை சொல்லிவந்தவர்கள், எண்ணிக்கை சங்கடமாகப் பேச ஆரம்பித்ததும் அதன் வாயைப் பொத்தினார்கள். தப்பென்று சொல்லவரவில்லை. விதி மனிதர்கள் போட்டது, மாற்றக்கூடியது என்று அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்கிறேன். ஒரு பாடகருக்கு வரம்பு வைக்க முடியுமென்றால் ஒரு மொழிக்கு ஏன் வைக்க முடியாது?

4

எங்கள் ஊர்ப் பக்கம் பாட்டு எப்படிக் கேட்கப்படுகிறது என்று சொன்னால் எண்ணிக்கையின் இன்னொரு ஓட்டை தெரியும். திண்டுக்கல்லிலிருந்து தருமத்துப்பட்டி, பன்றிமலை வழியாக மேலே ஏறி வருகிற பஸ்ஸில் பாட்டு பென் டிரைவிலிருந்து வருகிறது. காப்பிப் பழம் பறிக்கப் போகிற பெண்கள் பழைய போனில் மெமரி கார்டு போட்டு வைத்துக் கேட்கிறார்கள். செல்போன் கடைக்காரர் ஏற்றிக்கொடுத்த முந்நூறு நானூறு பாட்டுகள், வருஷக்கணக்கில் அதே கார்டு. கோயில் திருவிழா என்றால் மைக்செட்காரர் வைத்திருக்கிறதுதான் பாட்டு. வீட்டுக்குள் கோடை பண்பலை 100.5. மலை உச்சியிலிருந்து ஒலிபரப்பாவதால் சமவெளியில் எத்தனையோ மாவட்டங்களுக்கு எட்டுகிற வானொலி அது. இவை எதுவும் அந்தப் பட்டியலின் காதில் விழுவதில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பாட்டுக் கேட்கிற ஒரு கூட்டம் அதன் கணக்குப்படி ஒரு பாட்டுக்கூடக் கேட்காத கூட்டம்.

வானொலியில் ‘நேயர் விருப்பம்’ என்று ஒன்று உண்டு. பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களும் ஊர்களும் வரிசையாக வாசிக்கப்படும். சில சமயம் பாட்டைவிட அந்தப் பட்டியல் நீளமாக இருக்கும். கேலி செய்திருக்கிறோம். இன்று யோசித்தால் அதுவும் ஒரு தரவரிசைதான், தலைகீழானது. பாட்டுகளை வரிசைப்படுத்தாமல் கேட்கிறவர்களைப் பெயர் சொல்லி அழைத்த பட்டியல். வரைபடத்தில் தேட வேண்டிய ஊர்களின் பெயர்கள் அதில் சத்தமாக உச்சரிக்கப்பட்டன. இன்றைய பட்டியலில் கேட்பவர் கோடிகளில் ஒரு புள்ளி.

பாடுகிறவர்கள் பக்கம் போனால் இழப்பு இன்னும் பெரிது. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே பாவலர் வரதராசன் பாடிய பாட்டுகள் ஒரு தேர்தலின் போக்கோடு சம்பந்தப்பட்டவை. இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிய ‘மனுசங்கடா’ வெண்மணியின் நெருப்பிலிருந்து வந்து, தமிழ்நாட்டில் தலித் அரசியல் பேசிய மேடைகளில் எல்லாம் பாடப்பட்டது. இந்த நாட்டின் எந்தத் தரவரிசையும் இவற்றை எண்ணியதில்லை. எண்ணும் கருவியே அவர்களிடம் இல்லை. கூட்டம் எழுந்து நின்று சேர்ந்து பாடுவதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? இந்த மலையின் பளியர்களின் பாட்டோ இன்னும் தள்ளி, பட்டியலுக்கு மட்டுமில்லாமல் ‘பாட்டு’ என்ற வரையறைக்கே வெளியில் நிற்கிறது. அதை ‘ஆய்வுப் பொருள்’ என்பார்கள்.

‘எண்ணினா மட்டும் என்ன கெடைச்சிடும்?’ என்ற கேள்வி நியாயமானது. 2021இல் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ உதாரணம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தன் பாட்டியின் தலைமுறையைப் பற்றி அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய பாட்டு. கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டது. எண்ணிக்கையில் குறையே இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் எழுதியவரின் படம் இல்லாமல் போனது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அவருக்கென்று ஓர் அட்டை வந்தது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், மூன்று ஆண்டுகளாகியும் அந்தப் பாட்டிலிருந்து எங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். பட்டியலின் உச்சியில் இருக்கிறவர்களுக்கே இந்தக் கதி என்றால் கீழே இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

கீழே இருப்பவர்களுக்கு ஒரு கோடு ஏற்கெனவே கிழிக்கப்பட்டுவிட்டது. ஸ்பாடிஃபை நிறுவனம் 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு உரிமத்தொகை கிடையாது என்று விதி வைத்தது. அந்தப் பணம் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குப் பிரிந்து போகும். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பறிக்க முடியாத பங்கு உண்டு என்று எழுதினோம். சட்டத்தில் உரிமை இருக்கிறது. கோட்டுக்குக் கீழே காசு இல்லை. பட்டியல் எங்கே நிற்கிறது என்பது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை என்று தோழருக்கு நான் சொல்லவந்தது இதைத்தான். பட்டியலில் வருகிற பாட்டு மறுபடி ஒலிபரப்பாகிறது. மறுபடி ஒலிபரப்பாவதால் மறுபடி எண்ணப்படுகிறது. திரும்பத் திரும்பக் காதில் போட்டே ‘பிடித்த பாட்டு’ உருவாக்கப்படுகிறது என்று அடோர்னோ 1941இலேயே எழுதிவிட்டார். ஜனங்களின் ரசனையைப் பற்றி அவருக்கு இருந்த ஏளனம் எனக்குக் கிடையாது. ஆனால் சக்கரம் அப்படித்தான் சுற்றுகிறது.

5

நம் மரபில் பட்டியல் இல்லையா? தொகை இருக்கிறது. பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. தொகுத்தவன் என்ன விதி வைத்தான் என்று பார்க்கச் சொல்கிறேன். அகநானூற்றின் நானூறு பாட்டுகளில் ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை. 2, 8 என்று முடிபவை குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், பத்து பத்தாக வருபவை நெய்தல். கணக்குப் போட்டால் பாலைக்கு 200, குறிஞ்சிக்கு 80, மற்ற மூன்றுக்கும் தலா 40. இது சமத்துவம் இல்லை. பாலை பாதியை எடுத்துக்கொண்டது. தொகுப்பித்தவன் ஒரு பாண்டிய அரசன் என்பதையும் மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் எந்த நிலமும் விடுபடாதபடி, எந்தத் திணைக்கு எந்த இடம் என்று முன்கூட்டியே வெளிப்படையாக வகுக்கப்பட்ட பட்டியல் அது. மலையில் இருப்பவனின் பாட்டு, வயலில் இருப்பவனின் பாட்டோடு போட்டி போட்டு ஜெயித்துத்தான் உள்ளே வர வேண்டும் என்று உருத்திரசன்மன் சொல்லவில்லை.

குறுந்தொகையில் பெயர் தெரியாத புலவர்களுக்கு அவர்கள் பாட்டில் வந்த தொடரையே பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார் அப்படி வந்தவர். அவருடைய பாட்டு நாற்பதாவது. அந்த எண் தகுதி வரிசையைக் குறிக்கவில்லை என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் இருபதோடு போதும் என்று ஒருவன் ஏட்டை மூடியிருந்தால் தமிழ்க் கவிதை எதை இழந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

ஆகவே என் நிலைப்பாட்டை வெளிப்படையாக வைத்துவிடுகிறேன். தேசியத் தரவரிசை என்று ஒன்று இருக்கப்போகிறதென்றால் அது குறைந்தது நூறு பாட்டாவது இருக்க வேண்டும். அதற்குள் மொழிவாரியாக இடம் வகுக்கப்பட வேண்டும். எட்டாவது அட்டவணைக்கு வெளியே இருக்கும் மொழிகளுக்கும் பங்கு வேண்டும். வால் பகுதி புதிதாக ஏறி வருகிறவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். யார் காது எண்ணப்பட்டது, யார் காது விடுபட்டது, இலவசக் காதுக்கு என்ன எடை என்பது ஒவ்வொரு வாரமும் பட்டியலின் கீழேயே அச்சிடப்பட வேண்டும். எண்ணுகிறவன் கையெழுத்துப் போட வேண்டும். நூறுக்குக் கீழே இருக்கும் எண்கள் கம்பெனி ரகசியம் என்பதை ஏற்க முடியாது. நாம் கேட்டதால் உண்டான எண்கள் அவை. பாடினவர் கேட்டால், பாடினவரின் ஊர் கேட்டால், கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் நடந்தாலும் மைக்செட்டும் மெமரி கார்டும் மேடைப் பாட்டும் வெளியேதான் நிற்கும். அது சந்தைப் பட்டியலால் ஆகிற வேலை இல்லை. கலை இலக்கிய இரவு நடத்துகிறவர்களும் சிறுபத்திரிகைக்காரர்களும் செய்ய வேண்டியது. எந்த ஊரில் எந்தக் கூட்டத்தில் என்ன பாட்டு பாடப்பட்டது, யார் கட்டியது, யார் பாடியது, கூட்டம் எதைத் திரும்பப் பாடச் சொன்னது என்று எழுதி வைக்கிற பழக்கம் நமக்கு இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் நோட்டீஸோடு சேர்ந்து அதுவும் போய்விடுகிறது. இருபத்தோராவது பாட்டைக் கம்பெனி சொல்ல மறுக்கிறது என்று குறைப்படுகிற நாம், நம் மேடையில் பாடின முதல் பாட்டையே எழுதி வைக்கவில்லை. அடுத்த கூட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.